மேஜர் தோட்டத்துக்குப் போன கதை

2025 ஜூலை 25, வெள்ளி

அப்பாவுக்கு இடது காது கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று நானும் அவரும் பெட்டி படுக்கையோடு எதிர்காற்றில் இரண்டரை கிலோமீட்டர் நடந்ததற்கு அந்தக் காதுதான் காரணம்.

காட்பாடியில் காலையில் ஏறி மதியம் திருப்பூரில் இறங்கியது வரை குறை ஒன்றுமில்லை. அங்கிருந்து காங்கேயம், காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில் ஒரு டவுன் பஸ். எனக்கு டிக்கெட் இல்லை, அப்பாவுக்கு மட்டும் உண்டு. "ராணுவத்துல இருந்தவனுக்குக் காசு, உனக்கு ஃப்ரீயா?" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கொங்கு நாட்டில் ஊர்ப் பெயர் தெரியாமல்கூடச் சமாளிக்கலாம். நால்ரோடு தெரியாமல் முடியாது. நாலு ரோடு கூடினால் நால்ரோடு, ஒரு ரோடு கிளைத்தால் பிரிவு, தரை கொஞ்சம் உயர்ந்தால் மேடு. நாங்கள் இறங்க வேண்டியது ஒரு நால்ரோடு. அதற்கு முந்தின நிறுத்தமும் நால்ரோடுதான். கண்டக்டர் "அடுத்த நால்ரோடுங்க" என்றிருக்கிறார். அப்பாவின் வலது காதில் பின்பாதி மட்டும் விழுந்தது. எழுந்துவிட்டார். பட்டாளத்துக்காரர் எழுந்தால் எழுந்ததுதான்.

பஸ் போன பிறகுதான் காற்று தெரிந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று வேலூரில் நாங்களும் சொல்வோம், ஆனால் அங்கே அது வெறும் பேச்சு. இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஒரு நிமிஷம்கூட ஓய்வதில்லை. தூரத்தில் காற்றாலைகள் வேலையில் இருந்தன. வெயிலுக்கு விரித்த குடை இரண்டே நொடியில் மல்லாந்து, கம்பி இரண்டு ஒடிந்தது. போன மாதம்தான் 250 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

டீக்கடைக்காரரிடம் வழி கேட்டோம். "மேஜர் தோட்டமுங்களா? ஒரு ஸ்டாப்பிங் முன்னாடியே எறங்கிட்டீங்களே!" என்று எங்களைவிட அவர் அதிகமாக வருத்தப்பட்டார். டீ 15 ரூபாய். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் டிவிஎஸ் எக்ஸெல்லைக் காட்டி, "பெரியவரை நான் கொண்டுபோய் உடறனுங்க" என்றார். மகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அப்பா மறுத்தார். "அப்ப பையையாவது குடுங்க" என்று இரண்டு பைகளையும் வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். அப்பாவின் பென்ஷன் புத்தகம், மாத்திரை, என் செயின் எல்லாம் அந்தப் பைக்குள். எனக்கு அந்த இரண்டரை கிலோமீட்டரும் கால் வலியே தெரியவில்லை. வயிற்றில்தான் என்னவோ செய்தது.

மெயின் ரோட்டிலிருந்து இட்டேரிக்குள் திரும்பினோம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மண் பாதை. அதற்குள் வந்ததும் காற்று பாதி குறைந்துவிட்டது. வேலிக்கு அந்தப்புறம் காய்ந்த மேய்ச்சல் காடு. கொரங்காடு என்கிறார்கள். வெள்வேல மரத்தடியில் நாலைந்து காங்கேயம் மாடுகள் படுத்திருந்தன. மேற்கே ஊதியூர் மலை. கடைசியில் தோட்டத்துக் கேட். கேட்டுக்குள் திண்ணைமேல் எங்கள் இரண்டு பைகளும் வரிசையாக, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன.

வந்த காரணத்தை இப்போது சொல்கிறேன்.

அப்பா 1967-ல் பட்டாளத்தில் சேர்ந்தவர். மெட்ராஸ் சாப்பர்ஸ். பாலம் போடுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. பெங்களூரில் இவர்களுடைய சென்டர். அந்தப் படைக்காரர்களை ராணுவம் முழுக்கத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்களாம். பஞ்சாபி அதிகாரியும் தம்பி, வங்காளி அதிகாரியும் தம்பி. அப்பாவின் சாப், அதாவது அதிகாரி, காங்கேயம் பக்கத்துக்காரர். அவர் சொன்ன தம்பி மட்டும் நிஜமான தம்பி என்பார் அப்பா.

இருவரும் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு, வருஷத்தில் ஒரு நாள், டிசம்பர் 16 அன்று காலையில் சாப் போன் செய்வார். எனக்கு நினைவு தெரிந்து பேச்சு ஒரு நிமிஷத்தைத் தாண்டியதில்லை.

"தம்பி, இருக்கியா?"

"இருக்கேன் சாப்."

"நானும் இருக்கேன்."

அவ்வளவுதான். வைத்துவிடுவார்கள். போன டிசம்பரில் போன் வரவில்லை. அப்பா மத்தியானம் வரை சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே கூப்பிட்டார். மகன் எடுத்தார். ஜூலையிலேயே போய்விட்டாராம், 84 வயதில். முதல் வருஷம் கும்பிடும்போது அவசியம் வரவேண்டும் என்று அந்த மகன் இரண்டு முறை போன் செய்தார்.

உள்ளே போனதும் கூடத்தில் படம். லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றவர். வீடு கட்டும்போது மேஜராக இருந்தாராம், அதனால் ஊருக்கு அவர் கடைசிவரை மேஜர்தான். அப்பா சல்யூட் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. குதிகால் இரண்டையும் சேர்த்து, கையைத் தொடையோடு ஒட்டி, விறைப்பாக நின்றார். பிறகு கேட்டேன். தலையில் தொப்பி இல்லாமல் நம் ராணுவத்தில் சல்யூட் கிடையாதாம். 76 வயதில், வேட்டி சட்டையில், அதை மறக்கவில்லை.

ராத்திரிக்குச் சந்தகை. இடியாப்பம் மாதிரி இருக்கிறது, ஆனால் இடியாப்பம் இல்லை; புழுங்கலரிசி மாவை இட்லியாக அவித்து, சூட்டோடு பிழிவது. தேங்காய்ப்பாலில் வெல்லம் கரைத்து ஊற்றினார்கள். சாப்பின் மனைவி, அந்த அம்மா, "கண்ணு, அந்தப் போசியை எடு, அப்பனுக்கு வட்டல்ல வை" என்றபோது நான் இரண்டு நொடி விழித்தேன். போசி பாத்திரம், வட்டல் தட்டு. அடுத்த வேளைக்குள் பழகிவிட்டது.

ஜூலை 26, சனி

விடியற்காலை நாலரைக்கே வீடு முழுக்க ஒரம்பரை. உறவினர் என்றால் இங்கே ஒரம்பரை. சமையல் கொல்லைப்புறத்தில். காற்றுக்கு அடுப்பு நிற்காமல், சாக்குப் படுதாவை மூன்று பக்கமும் கட்டி வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் "எப்ப வந்தீங்க, சாப்ட்டீங்களா" என்றார்கள். முன்பின் தெரியாத என்னையும் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்கும் நின்றார்கள்.

படையலைப் பார்த்து அசந்துவிட்டேன். வாழை இலையில் அரிசிம்பருப்பு சாதம், தட்டப்பயறு குழம்பு, பச்சைப்பயறு கடையல், ஒப்பிட்டு, கச்சாயம். இதெல்லாம் சரி. பக்கத்தில் பூரியும் உருளைக்கிழங்கு சப்ஜியும். அதற்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர். மூக்கை வைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, ரம். மிலிட்டரி கேன்டீன் பாட்டில் சாமி ரூமுக்கு வெளியே நின்றது. "ஒரே ஒரு மூடிதான். உசுரோட இருக்கறப்பவும் அவ்வளவுதான் குடுப்பன்" என்றார் அந்த அம்மா.

இலையின் ஓரத்தில் டைமண்ட் வடிவத்தில் வெட்டிப் பொரித்த இனிப்பு ஒன்று. சக்கர்பாரா. எல்லையில் இருக்கும் சிப்பாய்களுக்குக் கெடாமல் இருக்கும் தின்பண்டம் அதுதான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். பதான்கோட்டில் குடியிருந்தபோது அந்த அம்மா கற்றுக்கொண்டாராம். இந்த ஊர்க் குழந்தைகளுக்கு அது 'மேஜர் பிஸ்கட்'. அப்பா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வெகு நேரம் கடிக்காமலே வைத்திருந்தார். பல் இல்லாததாலா வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை.

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கார்கில் நினைவு நாள், திராஸில் மலர்வளையம் வைத்தார்கள். யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள். அதன் பிறகு பேச்செல்லாம் மேஜரைப் பற்றித்தான்.

அவர் கோவை ஜிசிடியில் இன்ஜினியரிங் படித்தவர். ஊரில் முதல் பிஇ. 1962 கடைசியில் சீனப் போர். அதிகாரிகள் போதவில்லை என்று அவசர அவசரமாக ஆள் எடுத்தார்கள். 1963-ல் சென்னை பரங்கிமலையில் அதற்கென்றே பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். இவர் வீட்டில் சொல்லாமல் எழுதிப் போட்டு அங்கே சேர்ந்துவிட்டார். அப்போது எடுத்தவர்களில் நிறைய பேரை ஐந்து வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவரை நிரந்தரமாக்கினார்கள். "மாமனார் ஆறு மாசம் பேசலீங்க. கவர்மென்ட்ல பாலம் கட்டறவன் பட்டாளத்துக்கு எதுக்குப் போறான்னு. அங்கயும் பாலந்தான் கட்டறாருன்னு அவருக்குச் சொல்ல ஆளில்லை" என்றார் அந்த அம்மா.

1966-ல் கல்யாணம். கல்யாணமாகி எத்தனை வருஷம் சேர்ந்து இருந்தீர்கள் என்று ஒரு சின்னப் பெண் வெகுளியாகக் கேட்டுவிட்டாள். யாரும் அதட்டவில்லை. அம்மா விரல் விட்டு எண்ணினார். எல்லைப் பக்கம் போஸ்டிங் என்றால் குடும்பம் கூடாது. அமைதியான ஊர் என்றால் கூட்டிப் போகலாம், ஆனால் இங்கே மாமியார், மாடு, கிணறு, தண்ணீர் முறை. பிஏபி என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் கடைமடை. தண்ணீர் விடுகிற நாளில் மடையில் ஆள் நிற்காவிட்டால் அடுத்த காட்டுக்காரர் திருப்பிவிடுவார். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு மடைக்குப் போனது இவர். வருஷத்துக்கு அறுபது நாள் லீவில் வந்து விருந்தாளி மாதிரி சாப்பிட்டுப் போனது அவர். இதை அம்மா குறையாகச் சொல்லவில்லை. எண்ணிக்கையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் குறையாகக் கேட்டது. என் அம்மாவும் இப்படித்தான் இருந்திருப்பார். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

முகவரி எல்லாம் '56 ஏபிஓ' என்றுதான் இருக்கும். பட்டாளத் தபால்; எந்த ஊர் என்று வீட்டுக்கும் தெரியாது. மகன் மூன்றாம் வகுப்பில் வாத்தியார் "உங்கப்பா எங்கே இருக்கார்" என்று கேட்டதற்கு "ஐம்பத்தாறு ஏபிஓ" என்றானாம். "இந்தியா மேப்புல காட்டு" என்று வாத்தியார் கூப்பிட, காஷ்மீர் முதல் கீழே வரை குச்சியால் தேடியிருக்கிறான். இப்போது 57 வயது, திருப்பூரில் பனியன் தைக்கிற பவர் டேபிள் வைத்து நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறார். அந்தக் கதையை அவரே சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடிந்தபின் தூணைக் காட்டினார்.

கூடத்து மரத்தூணில் பென்சில் கோடுகள். குழந்தைகளை நிறுத்தி மேஜர் உயரம் குறித்திருக்கிறார். எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஆனால் பக்கத்தில் இருக்கிற தேதிகளைப் பார்த்தால் லீவுக் கணக்கு: 1974 மே, 1975 ஜூன், பிறகு 1977 ஜனவரி. கடைசி இரண்டு கோடுகளுக்கு நடுவில் மகன் நாலு அங்குலம் வளர்ந்திருக்கிறார். மகளுடைய முதல் கோடு 1972 ஜூலை, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. அவர் பிறந்தது 1971 அக்டோபரில். பாகிஸ்தானோடு போர் டிசம்பர் 17 ராத்திரி எட்டு மணிக்கு நின்றது, சாப்பர்ஸுக்கு நிற்கவில்லை. பதித்த வெடியையெல்லாம் யார் எடுப்பது? மேஜர் முதன்முதலில் பார்த்தபோது மகளுக்கு ஒன்பது மாதம். பிடித்து நிற்க வைத்துக் கோடு போட்டிருக்கிறார்.

தூணில் இன்னும் மேலே, பெரியவர் உயரத்தில் இரண்டு கோடு. 2008 ஒன்று. 2022 இன்னொன்று, ஒன்றேகால் அங்குலம் கீழே. அவரே தன்னை அளந்துகொண்டது.

மத்தியானம் வெள்ளாட்டுக் கறி, நாட்டுக்கோழி. நான் வேலூர்க்காரி, காரத்துக்குப் பயந்தவள் இல்லை. ஆனால் இங்கே தேங்காயும் மிளகாயும் சேர்ந்து வரும் ருசி வேறு. மூன்றாவது முறை பரிமாற வந்தவரிடம் இலையை மூடிக் காட்டினேன். "மூடுனா போதுமுன்னு அர்த்தமுங்களா? எங்கூர்ல அப்படியில்லீங்க" என்று மூடிய இலையைத் திறந்து வைத்தார்.

சாயங்காலம் ஒரம்பரை கலைந்தது. தோட்டம் சுற்றிக் காட்டினார்கள். தென்னை 112. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் நம்பர். காலையில் எழுந்ததும் வரிசையாகப் பார்த்து வருவாராம். "மேஜர் மரத்துக்கெல்லாம் ரோல் கால் எடுக்கறாருன்னு ஊரே சிரிக்குமுங்க. போன பஞ்சத்துல பக்கத்துத் தோட்டத்துல மரம் பட்டுப்போச்சு, இங்க மூணுதான். எந்த மரத்துக்கு எப்ப தண்ணி விட்டதுன்னு நோட்டுல இருக்குது" என்றார் மகன். இந்த வருஷம் தேங்காய்க்கு நல்ல விலை, கிலோ 60 ரூபாயைத் தாண்டிப் போகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவர் கண்ணில் அப்பாவும் தெரிந்தார், வியாபாரமும் தெரிந்தது. இரண்டும் இருக்கலாம், தப்பில்லை.

இருட்டத் தொடங்கியதும் அந்த அம்மா கட்டுத்தரைக்குக் கிளம்பினார், மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட. நான் துணைக்குப் போகட்டுமா என்றேன். "எதுக்கு சாமி? கயிறு இருக்குதல்லோ." பொழுது சாய்ந்தால் அவருக்குக் கண் தெரியாது, கண்ணில் அழுத்தம், சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறார். கொல்லைக் கதவிலிருந்து கட்டுத்தரை வரை, இடுப்பு உயரத்தில், கம்பத்துக்குக் கம்பம் ஒரு நாடா கட்டியிருந்தது. பருத்தி நாடா, ஒரு அங்குல அகலம், ஒரு காலத்தில் வெள்ளை. அவர் இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்தார். டார்ச்சோடு போன நான்தான் தடுக்கினேன்.

அங்கங்கே முடிச்சு. கேட்டேன். "ஒரு முடிச்சு வந்தா படி. ரெண்டு வந்தா திரும்போணும். எம்பது வயசுல ஏணி போட்டுக் கம்பம் நட்டாரு. வேண்டாமுன்னா கேக்கறதில்லை. கல்யாண வீடுன்னாலும் இப்படித்தான், காரு நிறுத்தறதுக்கு நாடா, பந்திக்கு நாடா. கிறுக்குங்க."

திரும்பி வந்தபோது அப்பா கொல்லைக் கதவருகே நின்றிருந்தார். நாடாவின் நுனியை இரண்டு விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேம்சாப், இது சாப் கட்டினதா?" என்றார்.

அதன் பிறகுதான் அப்பா பேசினார். என் நாற்பத்தாறு வயதில் அவர் வாயால் அந்த ராத்திரியைக் கேட்டது இதுதான் முதல் தடவை. 1971 போர், டிசம்பர் 15, பாகிஸ்தான் பக்கம் பசந்தர் ஆறு. தமிழ்நாட்டு ஓடை அளவுதான் இருக்கும் என்றார். ஆற்றை ஒட்டி பாகிஸ்தான்காரர்கள் பதித்த மைன் ஃபீல்டு. நம் டாங்கிகள் போக வேண்டுமென்றால் அதற்குள் ஒரு பாதை எடுக்க வேண்டும். பனி, கண்ணுக்கு முன்னால் கை தெரியாது. மண்டி போட்டு, கம்பியால் சாய்வாகக் குத்திப் பார்த்து, எடுத்த வரைக்கும் இரண்டு பக்கமும் வெள்ளை நாடாவைத் தரையோடு இழுத்துக் கட்டுவார்கள். நாடாவுக்குள் இருந்தால் உயிர். வெளியே கால் வைத்தால் யாருக்கும் தெரியாது. மேலே ஷெல் விழுந்துகொண்டே இருக்கிறது.

"சாப் முன்னாடி போவாரு, நாடா உருளை அவர் கையில. நான் பின்னாடி ஆப்பு அடிக்கிறேன். திரும்பியே பாக்காம சொல்லுவாரு: நாடாவை விட்டுக் கால் வெளியே வைக்காதே தம்பி. பத்து அடிக்கு ஒரு தடவை. நான் வெக்கல."

பாதி வேலைதான் முடிந்திருந்தது. எதிர்ப் பக்கம் டாங்கிகள் கூடுகின்றன என்று தகவல் வந்ததும் பூனா ஹார்ஸ் என்கிற நம் டாங்கிப் படை காத்திருக்கவில்லை. மிச்சமிருந்த மைன்களுக்கு நடுவே அப்படியே புகுந்து கடந்தது. மறுநாள் அந்தப் படையில்தான் 21 வயது அருண் கேத்ரபால் எரிகிற டாங்கியை விட்டு இறங்க மறுத்துச் சண்டை போட்டு இறந்து பரம்வீர் சக்ரா பெற்றார். அப்பா அவரைப் பார்த்ததில்லை. "பக்கத்துல போன டாங்கிச் சத்தந்தான். ஒண்ணு தெறிச்சுது. அன்னிக்குப் போச்சு இந்தக் காது."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மகன் எழுந்து போய் நாடாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அந்த அம்மாதான் பேசினார்.

"அதை மாத்தோணுமுங்க. கடைசிக் கம்பத்துகிட்ட ஆடு தின்னுருச்சு."

ஜூலை 27, ஞாயிறு

அமராவதி அணைக்கு மகன் காரில் கூட்டிப் போனார். தாராபுரம், உடுமலை வழியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். உடுமலை தாண்டியதும் மலை திடீரென்று பக்கத்தில் வந்து நிற்கிறது, காற்றில் ஈரம் வருகிறது. அணை 1957-ல் கட்டியது. தண்ணீர் நிறையவே இருந்தது. முதலைப் பண்ணையில் முதலைகள் வாயைத் திறந்தபடி வெயிலில் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை. அப்பா ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு "சென்ட்ரி டூட்டில தூங்கறானுங்க" என்றார்.

அணைக்கு முன்னால் அமராவதி நகர் சைனிக் பள்ளி. 1962-ல் தொடங்கியது. மகன் படித்தது அங்கேதான். வாசலில் காரை நிறுத்தினோம். உள்ளே போகவேண்டும் என்று கேட்கவில்லை. காவலுக்கு நின்றவர் அப்பாவின் நிற்கும் தோரணையைப் பார்த்துவிட்டு, "எந்த யூனிட்டுங்கய்யா?" என்றார். அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட், வெலிங்டன். இருவரும் கேட் கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று இருபது நிமிஷம் பேசினார்கள். பென்ஷன், முழங்கால், கேன்டீனில் எதற்கு எவ்வளவு வரிசை என்று.

மகன் காரில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "என்னையப் பட்டாளத்துக்கு அனுப்பத்தான் இங்க சேர்த்தாருன்னு எல்லாரும் நெனச்சாங்க. எனக்கு செலக்‌ஷன்ல ஆகலை. வீட்டுக்கு வந்து எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாள் கோயமுத்தூர்லயே சுத்துனேன். லெட்டர்ல எழுதிப் போட்டேன். ஒரே வரி பதில் வந்துச்சு, ஐம்பத்தாறு ஏபிஓல இருந்து. 'அம்மாவுக்கு இனி மடைக்குத் துணை ஆச்சு'ன்னு."

அந்த இன்லண்ட் லெட்டர் இருக்கிறதா என்றேன். பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டுவார் என்று ஒரு ஆசை. இல்லையாம், கரையான் தின்றுவிட்டதாம்.

மீன் கடையில் வறுத்த அணை மீன், தட்டு 100 ரூபாய். முள் அதிகம், ருசி அதைவிட அதிகம். என் கையிலிருந்த ஒரு துண்டைக் குரங்கு பிடுங்கியது. துரத்த ஒடிந்த குடைதான் உதவியது. திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது, தாராபுரம் வந்தால் ஒரு சொட்டு இல்லை, காற்று மட்டும்.

ஜூலை 28, திங்கள்

காலையில் கிளம்பும்போது அப்பாவைக் காணவில்லை. கொல்லையில் இருந்தார். கதவிலிருந்து கட்டுத்தரை வரை கையை வீசி, மார்ச் நடை நடந்து போய்த் திரும்பினார். மாடுகள் பார்த்துக்கொண்டிருந்தன. எதற்கு என்று சொல்லவில்லை.

வழியனுப்பும்போது அந்த அம்மா ஒரு தூக்குப்போசி நிறைய சக்கர்பாரா, பத்து தேங்காய், ஒரு படி தட்டப்பயறு கொடுத்தார். "போயிட்டு வரேன் மேம்சாப்" என்றார் அப்பா. "டிசம்பர்ல நீங்க போன் போடுங்க. எடுக்க நான் இருக்கறன்" என்றார் அவர். அப்பா தலையாட்டினார். பஸ் ஏறும்வரை இரண்டு முறை தேதியை என்னிடம் சரிபார்த்தார். அவருக்கு அந்தத் தேதி எப்போது மறந்தது?

ரயிலுக்கு நேரம் இருந்தது. திருப்பூரில் காதர்பேட்டைக்குப் போகலாம் என்றார் அப்பா. பேரனுக்கு பனியன் வாங்கத்தான் என்று நினைத்தேன். பனியன் கடை ஒவ்வொன்றையும் தாண்டிப் போனார். ஒரு சந்தில், நாடாவும் எலாஸ்டிக்கும் உருளை உருளையாக அடுக்கிய கடையில் நின்றார்.

"எதுக்குங்க, பைஜாமாவுக்கா? எத்தனை பீசு?" என்றார் கடைக்காரர்.

"அறுபத்துநாலு ஸ்டெப்பு" என்றார் அப்பா.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. ராணுவ நடையில் ஒரு அடி வைப்பு 30 அங்குலம். 64 வைப்புக்கு 160 அடி, கிட்டத்தட்ட 49 மீட்டர். முடிச்சுக்கும் கம்பத்தைச் சுற்றுவதற்கும் சேர்த்து அறுபது மீட்டர் இருந்தால் போதும். அறுபதெல்லாம் வெட்டித் தரமாட்டார்களாம், 100 மீட்டர் ரோலாகத்தான். 220 ரூபாய். அப்பா நாடாவை நகத்தால் கீறிப் பார்த்தார், ஒரு முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தார், பக்கத்து ரோலிலும் அதையே செய்தார். பாலியஸ்டர் கலந்தது விலை குறைவு என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினார். "கையில வழுக்கும்" என்று ஒதுக்கிவிட்டார்.

ரோலை மகனின் கம்பெனியில் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தோம். இளநீர் 50 ரூபாய். இத்தனை தென்னைக்கு நடுவில் அந்த விலை எனக்குப் பிடிக்கவில்லை. ஒடிந்த குடையை நாடாக் கடையிலேயே மறந்துவிட்டோம், போகட்டும்.

ஈரோடு தாண்டியதும் மகனிடமிருந்து போன். தோட்டத்தில்தான் இருக்கிறார், பழைய நாடாவை அவிழ்த்துவிட்டாராம். அப்பா ஸ்பீக்கரில் போட்டு வலது காதோடு வைத்துக்கொண்டு, பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஆர்டர் போட்டார். "கம்பத்துல ரெண்டு சுத்து. நடுவுல தொய்யக் கூடாது. முடிச்சு ஞாபகம் வெச்சுக்கோங்க தம்பி, படிக்கு ரெண்டு, திருப்பத்துக்கு ஒண்ணு."

அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி அம்மாவின் குரல் கேட்டது.

"படிக்கு ஒண்ணுங்க. திருப்பத்துக்குத்தான் ரெண்டு. புடிச்சுட்டு நடக்கறது நானா அவரா?"